காசு வாங்கி ஆடியவர்

அன்றைக்குப் போடி மைதானத்தின் ஓரத்தில் போட்டிருந்த மேசையைச் சுற்றி நாங்கள் நான்கு பேர் இருந்தோம். கோப்பை கொடுக்கும் தோட்டத் துரைமார் கமிட்டியின் செக்ரட்டரி. ரெஃபரியாக வந்திருந்த பள்ளிக்கூட டிரில் மாஸ்டர். மலைத் தோட்டத்து அணியின் கேப்டன் மாத்தன். தேனி பருத்தி ஜின்னிங் மில் கால்பந்து அணியின் கேப்டனாகிய நான். வந்திருக்க வேண்டியவர்களில் இரண்டு பேர் இல்லை. எங்கள் இடது பேக் கருப்பையா, ஆடிச் சனிக்கிழமை என்று குச்சனூர் கோயிலுக்குப் போயிருந்தான். பூஜை முடிந்ததும் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். இன்னொருவர் எங்கள் மில்லின் எஞ்சின்காரர். காலையில் எஞ்சின் மக்கர் பண்ணியதால் அதைச் சரிசெய்துவிட்டுப் பகல் ரயிலில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். நான் எழுதப்போவது அவரைப் பற்றித்தான்.

எழுத ஒரு காரணம் இருக்கிறது. போன வாரம் நம் அணியின் புதுக் கேப்டன் அச்சடித்த தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “அண்ணே, இதுல கையெழுத்து மட்டும் போட்டாப் போதுமா, இல்ல படிக்கவும் செய்யணுமா?” என்றார். வேடிக்கையாகத்தான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வருஷம் அணியில் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லோரும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

மற்ற உத்தியோகத்தில் தலை நரைத்த பிறகு ஓய்வு கொடுப்பார்கள். பந்தாட்டத்தில் முழங்கால் கொடுக்கும். எனக்கு முப்பத்திரண்டிலேயே கொடுத்துவிட்டது. ஆகவே வயதில் உங்களுக்கு அண்ணனாக இருந்தாலும் இந்தத் தொழிலில் நான் ஓய்வு பெற்றவன்தான். பந்தை எப்படி உதைப்பது என்று சொல்லித்தரப் போவதில்லை. அதை நீங்கள் என்னைவிட நன்றாகச் செய்கிறீர்கள்.

எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா மார்க்கையன்கோட்டையில் நெல் விவசாயம். பத்திரம் எதுவானாலும் கட்டைவிரலில் மை தடவிக்கொண்டு நிற்பார். மில்லில் கிளார்க்காகச் சேர்ந்த முதல் மாதம், போட வேண்டிய இடம், வேண்டாத இடம் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன். பருத்திப் பொதிச் சீட்டில்கூட முழுப்பெயர் எழுதுவேன். கேப்டன் பதவியும் ஆட்டத்துக்காக எனக்குக் கிடைத்தது அல்ல. துரைமாருக்கு இங்கிலீஷில் கடிதம் எழுத ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

எஞ்சின்காரர் எங்கள் மில்லுக்கு வந்தது பங்குனியில். முதலாளி புதிதாக ஓர் எண்ணெய் எஞ்சின் தருவித்திருந்தார். அது டென்மார்க் தேசத்தில் செய்தது. அதை மாட்டி ஓடவிட்டு, நம் ஆட்களுக்குப் பழக்கிவிட்டுப் போக அந்தத் தேசத்தவரே ஒருவர் கூட வந்தார். உயரம் அதிகமில்லை. முப்பத்தாறு வயது. வலது கணுக்கால் கொஞ்சம் தடித்திருக்கும். அவர் பெயரில் எங்கள் வாய்க்கு அடங்காத எழுத்துகள் இருந்தன. துரை என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். “துரை பங்களாவில் இருப்பார். நான் எஞ்சினோடு இருக்கிறேன்” என்பார். அதனால் எஞ்சின்காரர் என்றே நின்றுவிட்டது. பொதி அமுக்கும் ஆட்களிடம் தமிழ் கற்றுக்கொண்டார். அவர்கள் பேசுவதுதான் தமிழ் என்று நினைத்து, மில் மேனேஜரையே ஒரு தரம் “ஏலே, இங்கன வா” என்று கூப்பிட்டுவிட்டார். மேனேஜரும் போனார். எஞ்சின் நின்றுபோயிருந்த நேரம் அது.

மாலையில் பருத்திக் களத்துக்குப் பின்னால் நாங்கள் ஆடுவோம். அவர் வந்து கோலுக்குப் பின்னால் நிற்பார். வெளியே போகும் பந்தைக் கையால் எடுத்து உள்ளே போடுவார். மூன்று வாரம் இப்படியே. ஒரு நாள் பந்து வேகமாக அவரைத் தாண்டிப் போகப் பார்த்தது. கையில் ஸ்பானர் இருந்ததோ என்னவோ, காலை நீட்டினார். பந்து அங்கேயே நின்றது.

கோல் காத்துக்கொண்டிருந்த சீனிச்சாமி, பொதி அமுக்கும் பகுதியில் வேலை பார்ப்பவர், என்னைவிட ஆறு வயது மூத்தவர், என்னிடம் ஓடிவந்தார். “தம்பி, பாத்தீகளா அந்தாளை? பந்து அவுக கால்ல வீட்டுப் பூனை மாதிரில்ல போய்ப் படுத்துக்கிருச்சு!”

நான் போய், இத்தனை நாளாக ஏன் எங்களோடு ஆட வரவில்லை என்று கேட்டேன்.

“யாரும் கூப்பிடவில்லை” என்றார்.

கூப்பிட்டோம். மறுநாளே ஒரு ஜோடி பூட்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். எண்ணெய் போட்டு வைத்திருந்த பூட்ஸ். எட்டு வருஷமாக யாரும் போடாதது, ஆனால் ஒரு விரிசல் கிடையாது. நாங்கள் வெறுங்காலோடு ஆடுகிறவர்கள். பயிற்சியில் எங்கள் பக்கத்தில் வந்தால் காலைச் சுருக்கிக்கொள்வார். யாருக்கும் ஒரு நகம்கூடப் பெயரவில்லை.

எஞ்சின் ஆறுவதற்காகக் காத்திருந்த ஒரு மத்தியானம் அவராகவே தன் கதையை என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். ஊர் ஒரு துறைமுகம். அப்பா கப்பலுக்குக் கயிறு திரிப்பவர். இவர் எஞ்சின் பட்டறையில் வேலை பழகிக்கொண்டு மாலையில் ஊர்க் கிளப்பில் பந்து ஆடியிருக்கிறார். அந்தத் தேசத்தில் பந்தாட்டம் காசு வாங்காமல் ஆடவேண்டிய ஆட்டம். சர்க்கார் சட்டமல்ல, கிளப்புகளின் கட்டுப்பாடு. சட்டத்தைவிட இறுக்கமானது. இருபத்தொரு வயதில் ஸ்காட்லாந்திலிருந்து ஒருவர் வந்து ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, வாரச் சம்பளத்துக்குக் கூப்பிட்டார். பட்டறையில் ஒரு மாதம் வாங்குவதை அங்கே ஒரு வாரத்தில் தருவார்கள். போனார். ஐந்து வருஷம் சேற்றிலும் மழையிலும் ஆடினார். அவர்களுக்கும் இவர் பெயர் வாயில் நுழையவில்லை. கணுக்கால் உடைந்து, பிறகு பிரான்சில் ஒரு சின்ன ஊர் அணிக்கு இரண்டு வருஷம். அந்த அணி கடனில் மூழ்கியதும் ஊருக்குத் திரும்பினார்.

“முதல் நாள் மாலையே பூட்ஸை எடுத்துக்கொண்டு பழைய கிளப்புக்குப் போனேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான் செக்ரட்டரி. நீ காசு வாங்கியவன், உன்னை இறக்கினால் எங்கள் கிளப்பையே விலக்கிவிடுவார்கள் என்றான்.”

“சண்டை போட்டீர்களா?”

“எதற்கு? நல்லவன். அவன் சொன்னது விதி. கோலுக்குப் பின்னால் நின்று பந்து எடுத்துப் போடலாமா என்று கேட்டேன். அதற்கு விதி இல்லை என்றான். ஒரு வருஷம் எடுத்துப் போட்டேன். அப்புறம் எஞ்சின் கம்பெனி வெளிதேசத்துக்கு ஆள் கேட்டது.”

அந்தச் செக்ரட்டரிமீது எனக்கு அன்று முழுவதும் கோபமாக இருந்தது.

வைகாசியில் சின்னமனூர் அணியோடு ஆடி ஜெயித்தோம். அங்கே கடைவீதிக்காரர்கள் சேர்ந்து, வழக்கப்படி, ஆளுக்கு ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன்மேல் ஒரு ரூபாயும் வைத்துக் கொடுத்தார்கள். இந்த வழக்கம் உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர் போன மாதம் தேவாரம் ஊரில் ஆடியபோது வாங்கியிருப்பீர்கள். எஞ்சின்காரர் என் காதருகே வந்து, “இது எதற்கு?” என்றார்.

“மரியாதை” என்றேன்.

தலையை ஆட்டினார். வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு ரூபாயைப் பையில் போட்டுக்கொண்டார்.

இனி மேசைக்கு வருகிறேன். மலைத் தோட்டத்து அணியும் நாங்களும் கோப்பைப் போட்டியின் கடைசி ஆட்டத்துக்கு வந்திருந்தோம். கணவாய் வழியாக ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. செக்ரட்டரி, காகிதங்கள் பறக்காமல் இருக்க அவற்றின்மேல் வெள்ளிக் கோப்பையையே வைத்திருந்தார். இரண்டு கேப்டன்களுக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். முந்தைய ஆட்டங்களுக்கு இப்படி ஒன்று கிடையாது. கடைசி ஆட்டத்துக்கு மட்டும்.

பதினொரு பெயர்கள். அவற்றுக்குக் கீழே இங்கிலீஷில் ஒரு வாக்கியம்: இந்த அணியில் ஆடும் எவரும் எந்தக் காலத்திலும் எந்த நாட்டிலும் ஆட்டத்துக்காகப் பணமோ பணத்துக்கு ஈடான எதையுமோ பெற்றவர் அல்ல என்று கேப்டனாகிய நான் உறுதி கூறுகிறேன்.

மாத்தன் தாளைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு மூக்குப்பொடி எடுத்தார். நான் பேனாவைத் திறந்தேன். கை ஓடவில்லை.

“என்ன?” என்றார் செக்ரட்டரி.

“ஒருவரைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்றால் என்ன செய்ய வேண்டும், சார்?”

“அவர் பெயரை அடித்துவிட்டு மற்றவர்களோடு ஆடு. கஷ்டமே இல்லை.”

எஞ்சின்காரர் பெயர்மேல் ஒரு கோடு போட்டேன். ஸ்கேல் வைத்ததுபோல நேர்கோடு. பொய்க்கையெழுத்துப் போடாமல் தப்பித்தோம் என்று எனக்குள் ஒரு பெருமைகூட வந்தது. கருப்பையாவும் வந்து சேர்ந்த பிறகு தலைகளை எண்ணிப் பார்த்துக் கையெழுத்தை வாங்கிக்கொள்வதாகச் செக்ரட்டரி சொன்னார். தாளை எடுத்துக்கொண்டு எங்கள் ஆட்கள் உட்கார்ந்திருந்த புளியமரத்தை நோக்கி நடந்தேன். நடக்கும்போதே, எஞ்சின்காரரிடம் என்ன சொல்வது என்று யோசித்துவிட்டேன். ரயில் தாமதம், பெயர் கொடுக்கும் நேரம் முடிந்துவிட்டது. இந்தப் பொய்யை உண்டாக்க எனக்குப் பத்து அடி தூரம்கூடத் தேவைப்படவில்லை.

சீனிச்சாமிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கோடு தெரிந்தது.

“தம்பி, இது யாரு மேல இழுத்த கோடு?”

சொன்னேன்.

“அவுககிட்டச் சொல்லிட்டீகளா?”

“இன்னும் வரலையே.”

“வராத ஆளைத்தான் அடிக்க முடியும், அது சரி” என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஸ்டேஷன் பக்கமிருந்து எஞ்சின்காரர் வந்தார். கையெல்லாம் கிரீஸ். பூட்ஸ் இரண்டையும் நாடாவால் கட்டிக் கழுத்தில் மாலை மாதிரி போட்டிருந்தார். கருப்பையாவும் நெற்றியில் விபூதியோடு கூட வந்தான். இருவரும் வழியில் சந்தித்து ஏதோ சிரித்துக்கொண்டு வந்தார்கள். எஞ்சின்காரர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எட்டு வருஷத்துக்குப் பிறகு ரெஃபரி, கோப்பை, கூட்டம் எல்லாம் சேர்ந்த ஓர் ஆட்டம் அவருக்கு. மில் ஒப்பந்தம் மார்கழியோடு முடிகிறது. அவருடைய கணுக்காலுக்கு இன்னொரு வருஷம் இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

“பெயர் கொடுக்கிற நேரம் முடிந்துவிட்டது” என்றேன்.

அவர் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். வாங்கினார். படித்தார்.

“இது நேரத்தைப் பற்றிய தாள் இல்லையே” என்றார்.

திட்டவில்லை. கழுத்திலிருந்து பூட்ஸைக் கழற்றிப் புளியமரத்து வேரில் வைத்தார். “காற்று பலமாக இருக்கிறது. பந்து நிறைய வெளியே போகும். நான் கோலுக்குப் பின்னால் நிற்கிறேன்” என்றார்.

தம்பிகளே, டென்மார்க்கில் இருந்த அந்தச் செக்ரட்டரியின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அந்த நிமிஷம் யாராவது ஒரு கண்ணாடி கொடுத்திருந்தால் பார்த்திருப்பேன். விதிப்படி நடந்தது தப்பில்லை. ஆனால் அந்த மனிதர் முகத்தைப் பார்க்காமல் நடந்துகொள்ள விரும்பினேன் பாருங்கள், அது தப்பு. அதை மறைக்க ஒரு பொய்யும் வைத்திருந்தேன்.

அப்போது கருப்பையா, தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். தமிழில் சொன்னேன். பணத்தையும் பணத்துக்கு ஈடானதையும் சேர்த்தே சொன்னேன்.

“அண்ணே,” என்றான், “அப்ப சின்னமனூர்ல வெத்தலையில வச்சுக் குடுத்தாகளே ஒரு ரூவா, அது எதுல சேத்தி?”

“அது மரியாதைடா.”

“ரூவாய்க்கு நான் செருப்பு வாங்குனேனே. கடைக்காரன் மரியாதைன்னா வாங்கிக்கிருவான்?”

எல்லோரும் சிரித்தார்கள். சீனிச்சாமி சிரிக்கவில்லை. “அவுக ஆடுன ஊர்ல சம்பளத்தை எப்படிக் குடுப்பாகளாம்? கேளுங்க தம்பி.”

கேட்டேன். எஞ்சின்காரர் யோசித்து, “சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் ஒரு சின்ன உறையில் போட்டுக் கைகுலுக்கிக் கொடுப்பார்கள்” என்றார்.

“கேட்டீகளா?” என்றார் சீனிச்சாமி. “அங்கன உறை, இங்கன வெத்தலை. உறையைத் திங்க முடியாது, அம்புட்டுத்தான் வித்தியாசம். அவுக பேரை அடிச்சா என் பேரையும் அடிங்க. நாலு வருசமா ஏழு ரூவா வாங்கியிருக்கேன். நீங்க எத்தனை?”

நான் ஐந்து வாங்கியிருந்தேன்.

எனக்கு வாதம் செய்ய ஆசைதான். ஒரு ரூபாய் எங்கே, வாரச் சம்பளம் எங்கே என்று கேட்கலாம். நாங்கள் பிழைப்புக்காக ஆடவில்லை என்று சொல்லலாம். அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் கையில் இருந்த தாள் எவ்வளவு என்று கேட்கவில்லை. எதற்காக என்றும் கேட்கவில்லை. வாங்கினாயா இல்லையா என்று மட்டும் கேட்டது. அதற்கு இல்லை என்று நான் முழுப்பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மைதானத்தைச் சுற்றிக் கூட்டம் நிறைந்துவிட்டது. தேவாரத்திலிருந்து வண்டி கட்டி வந்திருந்தார்கள். கடைவீதிப் பிள்ளைகள் கொட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். டிரில் மாஸ்டர் கடிகாரத்தைக் காட்டிக் கையசைத்தார்.

மேசைக்குத் திரும்பிப் போனேன். தாளைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“சார், என்னால் யாருக்காகவும் கையெழுத்துப் போட முடியாது. நாங்கள் எல்லோரும் வாங்கியிருக்கிறோம்” என்று சொல்லி, வெற்றிலை வழக்கத்தையும் சொன்னேன்.

செக்ரட்டரி சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான், அதையும் சொல்ல வேண்டும். “அது உங்கள் ஊர்ச் சடங்கு. அதை யாரும் சம்பளம் என்று சொல்லமாட்டார்கள். அந்த டேனிஷ்காரர் விஷயம் வேறு. நீ பத்துப் பேருக்குக் கையெழுத்துப் போடு.”

இந்த இடத்தைத்தான் உங்களுக்குக் காட்ட விரும்பினேன். நெருக்கடி என்றால் எல்லாக் கதவும் மூடியிருக்கும் என்று நினைப்போம். அன்று எனக்கு ஒரு கதவு திறந்தே இருந்தது. கமிட்டியே திறந்துவிட்டது. உள்ளே போனால் கோப்பைக்கு ஆடலாம், கூட்டம் கைதட்டும், என்மேல் ஒரு குற்றமும் இல்லை. புளியமரத்தடியில் ஒருவர் மட்டும் வெளியே நிற்பார்.

“சார், இங்கே ‘ஈடான எதையுமோ’ என்று அச்சடித்திருக்கிறது. வெற்றிலையின்மேல் இருந்தது ரூபாயே. இது அவருக்குப் பொருந்தும் என்றால் எனக்கும் பொருந்தும். எனக்குப் பொருந்தாது என்றால் அவரையும் விடுங்கள்.”

“அவரை விட முடியாது.”

“அப்படியானால் எங்களையும் விட முடியாது, சார்.”

“தம்பி, நீ கோப்பையை அந்த மலைக்காரர்களுக்குச் சும்மா தூக்கிக் கொடுக்கிறாய்” என்றார். குரலில் கோபம் வந்துவிட்டது.

அப்போது மாத்தன் மூக்குப்பொடி டப்பியை மூடினார். அவர் மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தலைமை கிளார்க். கோட்டயத்துப் பக்கத்துக்காரர்.

“சாரே, எங்க தாளும் திரிச்சுத் தரணும்” என்று கையெழுத்துப் போட்ட தாளைத் திருப்பிக் கேட்டார்.

“உனக்கு என்ன?”

“எங்க அணியில மூணு கிளார்க்குமார் உண்டு. மூணு பேரும் பேனாவை மண்வெட்டி மாதிரியாணு பிடிக்குன்னது. எதுக்காக வேலைக்கு எடுத்துச்சுன்னு எல்லாருக்கும் அறியும், சாருக்கும் அறியும். இந்தப் பையன் வெத்தலைக்கே கையொப்பு வைக்க மாட்டேன்னு பறையும்போ, நான் வச்ச கையொப்பு எனக்கே நாணக்கேடு.”

டிரில் மாஸ்டர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். செக்ரட்டரி சிரிக்கவில்லை. இரண்டு தாளையும் சேர்த்து மடித்தார். கையெழுத்து இல்லாமல் கமிட்டி ஆட்டம் கிடையாது, ஆகவே கமிட்டிச் செலவும் கிடையாது என்று சொல்லிவிட்டுக் கோப்பையைத் தூக்கினார். ஆட்டத்துக்காகக் கொண்டுவந்திருந்த புதுப் பந்தையும் எடுத்துக்கொண்டார். இரண்டும் அவருடைய காருக்குள் போய்விட்டன. அவர் காரைக் கிளப்பவில்லை என்பதை நான் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

மேசைமேல் ஒன்றும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மைதானத்துச் சொந்தக்காரரின் காரியஸ்தர் வந்தார். “கமிட்டி இல்லேங்கிறாக. வாடகை யாரு குடுக்கிறது? இல்லேன்னா ஆளுகளைக் கிளப்புங்க. மாட்டை மேயவிடணும்” என்றார்.

“நாங்க குடுக்கிறோம்” என்றேன். என் ஆட்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேப்டனாக இருந்த ஐந்து வருஷத்தில் யாரையும் கேட்காமல் நான் செய்த காரியம் அது ஒன்றுதான். யாரும் அதைப் பற்றிப் பிறகு குறை சொல்லவுமில்லை.

“அப்ப ஆட்டம் உண்டா?” என்றார் டிரில் மாஸ்டர்.

“கப் இல்லாம ஆட உங்க ஆளுகளுக்குச் சம்மதமா?” என்று மாத்தனைக் கேட்டேன்.

“இத்தனை மலை இறங்கி வந்தது வேப்பங்காத்து வாங்கவா?” என்றார்.

கடைவீதிக்கு ஆள் அனுப்பி ஒரு பந்து வாங்கி வந்தோம். நான் புளியமரத்தடிக்குப் போனபோது எஞ்சின்காரர் சொன்னபடியே கோலுக்குப் பின்னால் போய் நின்றிருந்தார். சீனிச்சாமி மரத்தடியிலிருந்தே கத்தினார்: “ஏலே எஞ்சினு! பூட்ஸை எடுத்து மாட்டு!” மேனேஜரைக் கூப்பிட்ட அந்த ‘ஏலே’ எஞ்சின்காரருக்கே திரும்பி வந்தது. எஞ்சின்காரர் என்னைப் பார்த்தார். வாருங்கள் என்று கையைக் காட்டினேன். அவர் அந்த நாடாவை முடிந்த விதத்தை நான் மறக்கமாட்டேன். இரண்டு தரம் முடிந்தார், அவிழ்த்தார், மறுபடியும் முடிந்தார். கையில் இருந்த கிரீஸ் வழுக்கியது.

ஆட்டத்தைப் பற்றி நீளமாக எழுதமாட்டேன். அந்த மூன்று கிளார்க்குகளும் நன்றாக ஆடினார்கள், பொய் சொல்லக்கூடாது. முதல் பாதியில் எங்களுக்கு ஒரு கோல், அவர்களுக்கு ஒரு கோல். இரண்டாம் பாதியில் காற்று எங்கள் முகத்தில். சீனிச்சாமி உயர உதைத்த பந்து ஒன்று பாதி வழி போய்விட்டுத் திரும்பி அவர் தலைக்கு மேலேயே வந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எஞ்சின்காரர் ஓடவே இல்லை. நடுவில் நின்றுகொண்டு, “கீழ! கீழ வையி!” என்று கத்தினார். பந்தைப் புல்லோடு புல்லாக அனுப்பினார். காற்றுக்கு அது தெரியவே தெரியாது. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, அவர் என் காலுக்குத் தள்ளிய பந்தை நான் கருப்பையாவுக்குத் தள்ளினேன். இடது பேக்குக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. அவன் அடித்தது உள்ளே போய்விட்டது. குச்சனூர் போய் வந்த பலன் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான். செக்ரட்டரியின் காரிலிருந்து ஹார்ன் சத்தம் இரண்டு தரம் கேட்டது. கோபமா சந்தோஷமா என்று தெரியவில்லை. பிறகு கார் மலைப்பாதையில் போய்விட்டது.

கோப்பை இல்லாத வெற்றிக்கு வெற்றிலை எதற்கு என்று கடைவீதியில் நினைத்துவிட்டார்கள்போல. தட்டு ஒன்றும் வரவில்லை. சாரல் விழ ஆரம்பித்தது. மாத்தனின் ஆட்கள் லாரியில் ஏறும் முன் எங்களைக் கட்டிப்பிடித்தார்கள். மாத்தன் மைதான வாடகையில் பாதி தருகிறேன் என்றார். விருந்தாளியிடம் வாங்கக்கூடாது என்று சீனிச்சாமி ஒரே பிடியாக மறுத்துவிட்டார்.

வெற்றிலையில் வைத்துக் கொடுப்பதை வாங்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அன்புடன் கொடுப்பதை ஏன் மறுக்க வேண்டும்? வாங்குங்கள், செருப்பும் வாங்குங்கள். யாராவது கேட்டால் வாங்கினேன் என்று சொல்லுங்கள். இன்னொருவன் வாங்கியதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல உங்கள் கையில் ஒரு பேனா வந்தால், அவன் வந்து சேரும்வரை மூடியைத் திறக்காதீர்கள். புதுக் கேப்டன் கேட்டதற்கு என் பதில் இதுதான்.

நனைந்துகொண்டே புளியமரத்தடியில் செலவைக் கூட்டினோம். மைதான வாடகை, கோடு போட்ட சுண்ணாம்பு, டிரில் மாஸ்டருக்குக் கூலியும் ரயில் கட்டணமும், புதுப் பந்து, மாத்தனின் ஆட்களுக்கு வாங்கிக் கொடுத்த கலர் சோடா. ஒவ்வொருவராக மடியிலிருந்து எடுத்து வைத்தார்கள். கருப்பையாவிடம் காலணா குறைந்தது; உண்டியலில் போட்டுவிட்டானாம். சீனிச்சாமி திட்டிக்கொண்டே போட்டார். எஞ்சின்காரர் தன் பங்கை எண்ணி வைத்தார்.

“இரண்டு தேசத்தில் எனக்குக் காசு கொடுத்து ஆடச் சொன்னார்கள்” என்றார். “ஆடுவதற்கு என்னிடம் காசு வாங்கிய முதல் ஊர் இதுதான்.”

“கூடுதலாத் தெரியுதாக்கும்?” என்றார் சீனிச்சாமி.

“இல்லை” என்றார் எஞ்சின்காரர். “மலிவு.”

ஆளுக்கு ஒன்றேகால் ரூபாய். பதினொரு பேருக்கும் சேர்த்துப் பதின்மூன்று ரூபாய் பன்னிரண்டு அணா.